ராணியைப் படுக்கவைத்தோம்

கண்காட்சிக் கூடங்களில் சிலைகளை இறக்கி, சொன்ன இடத்தில் வைத்துக் கொடுப்பது எங்கள் கம்பெனியின் வேலை. ஹெல்பராகச் சேர்ந்த என்னை, டிகிரி முடித்தவன் என்பதற்காக மேனேஜர் ஒரு மாதம் சூப்பர்வைசராகப் போட்டுப் பார்த்தார். சரிப்பட்டால் வேலை நிரந்தரம்; சொதப்பினால் மறுபடியும் ஹெல்பர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். மகன் சூப்பர்வைசர் ஆகிவிட்டான் என்று அப்பா அதற்குள் ஊர் முழுக்கச் சொல்லி முடித்திருந்தார்.

அந்த மாதக் கடைசியில் அபுதாபி கூடத்துக்கு ஒரு ராணி வந்தாள். ஐரோப்பாவில் ஏதோ தேவாலயத்தில் இருக்கும் கல்லறைச் சிலையின் ஃபைபர் நகல். ஆள் உயரம், கும்பிட்ட கைகள், பாதத்தின் கீழ் ஒரு நாய்க்குட்டி. பெட்டி நின்ற வாக்கில் வந்ததால், எங்கள் ஆட்கள் ராணியையும் நின்ற வாக்கிலேயே எடுத்துச் சுவரில் சாய்த்திருந்தார்கள். தலைக்குப் பின்னால் தலையணை போல ஒன்று இருந்தது.

"அண்ணே, இது படுத்திருக்கிற சிலை மாதிரி இருக்கே?" என்றேன்.

எங்கள் போர்மேன் ராமநாதபுரத்துக்காரர். "சேலை மடிப்பப் பாருங்க தம்பி. நேரா கால் வரைக்கும் எறங்குது. படுத்திருந்தா ரெண்டு பக்கமும் சரிஞ்சு விழணும்ல?"

"அப்ப தலையணை?"

"கொண்டையா இருக்கும்."

"நாலு மூலையிலயும் குஞ்சம் வச்ச கொண்டையா?"

"ராணின்னா வைப்பாங்க. நாய மிதிச்சுக்கிட்டு எவளாச்சும் படுப்பாளா, அதச் சொல்லுங்க."

மேனேஜருக்கு போன் போட்டேன். "கண்காட்சிப் பொறுப்பாளர் அம்மா இப்ப வந்துருவாங்க. படிச்சவன்தானே, நீயே முடிவு பண்ணு. கலாஸ், அவ்வளவுதான்" என்று வைத்துவிட்டார்.

இதற்குள் எங்கள் வெல்டர், "செஞ்சே பாத்துருவோம்" என்று தரையில் அட்டையை விரித்து மல்லாந்து படுத்து, டூல் பாக்ஸில் காலை ஊன்றிக் கும்பிட்டார். அவருடைய தொளதொளச் சட்டை இரண்டு பக்கமும் சரிந்தது.

"பாத்தீங்களா!" என்றார் போர்மேன்.

"நெத்தில ஒரு திர்ஹாம் வைங்கடா" என்று யாரோ சொல்ல, இன்னொருவர் வைத்தும்விட்டார்.

நான் போனில் தேடிக்கொண்டிருந்தேன். கிடைத்தது. "அண்ணே, அந்தக் காலத்துச் சிற்பிங்க நிக்கிற ஆளாவே செதுக்கி, அப்படியே கல்லறை மேல படுக்க வச்சிருவாங்களாம். நாய் விசுவாசத்துக்காம். பிரெஞ்சுல இதுக்கு ஜிசான்னு பேரு."

"ஜிசான் சவூதில இருக்கு தம்பி. எம் மச்சான் அங்கதான் டேங்கர் ஓட்டுறாரு."

"நம்ம ஊர்ல சொல்வோமே, கிடந்த கோலம்னு. பெருமாள் படுத்திருக்கிறாருல்ல?"

போர்மேன் ராணியை மேலும் கீழுமாக ஒருமுறை பார்த்தார். "பாம்புக்குப் பதிலா நாயாக்கும். இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன? தூக்குங்கடா, யல்லா!"

ராணியை மேடையில் கிடத்தி நிமிர்ந்தபோது பொறுப்பாளர் அம்மா வாசலில் நின்றிருந்தார். மேடையில் ராணி, பக்கத்தில் தரையில், இன்னும் எழுந்திருக்காமல் நெற்றிக்காசோடு வெல்டர். இருவருக்கும் ஒரே கும்பிடு.

"ஒன்றுதானே கேட்டிருந்தேன்?" என்றார் ஆங்கிலத்தில்.

வெல்டர் துள்ளி எழுந்தார். காசு உருண்டு எங்கோ போனது. அந்த அம்மா ராணியை ஒரு சுற்று சுற்றிவந்தார். "படுக்க வைக்கச் சொன்னது யார்?"

கையைத் தூக்கினேன்.

"போன கண்காட்சியில் இவளைக் கடைசி நாள் வரை நிற்க வைத்தே கொன்றார்கள்" என்று சொல்லிவிட்டு, அங்கேயே மேனேஜருக்கு போன் செய்தார். அந்த அம்மா என்ன சொன்னார் என்பது கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மேனேஜர் என்னை போனில் கூப்பிட்டு, "நாளையிலருந்து நீ நிரந்தர சூப்பர்வைசர்" என்றார்.

"இனிமே சார்னு கூப்பிடணுமா?" என்று கேட்டார் போர்மேன்.

"வேணாம்ணே."

"நல்லதாப் போச்சு. வாங்க தம்பி, இந்தக் காலிப் பெட்டிய ஒரு பக்கம் புடிங்க."