பட்டறைக்கு வந்த ரயில்

நாளை பள்ளிக் கண்காட்சி. பிளாஸ்டிக் கட்டைகளைக் கோத்து நான் கட்டிய பேட்டரி ரயில், மூன்று பெட்டிகளை மாட்டினால் நகரவில்லை. இன்ஜின் சக்கரத்து ரப்பர் வளையம் தேய்ந்து, சக்கரம் நின்ற இடத்திலேயே வழுக்கிச் சுற்றியது.

ரயிலைப் பையில் போட்டுக்கொண்டு, எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டில் இருக்கும் மோட்டார் சைக்கிள் பட்டறைக்குப் போய், சின்ன ரப்பர் வளையம் கேட்டேன்.

“என்ன வண்டிக்கு, தங்கச்சி?” என்றார் மெக்கானிக் அண்ணன்.

“ரயிலுக்கு அண்ணே.”

“ரோட் டெக்ஸ் கட்டியாச்சா?” என்று சாலை வரியைக் கேட்டுக் கிண்டலடித்தார் பெஞ்சில் காத்திருந்தவர்.

அண்ணன் சிரிக்காமல் டப்பாவைக் கிளறி, கார்புரேட்டருக்குப் போடும் சின்ன ரப்பர் வளையங்கள் இரண்டை எடுத்து இன்ஜின் சக்கரங்களில் மாட்டினார். தரையில் தண்டவாளத்தைப் போட்டேன். மூன்று பெட்டிகளும் கிளம்பின.

“காலையிலேர்ந்து என் மோட்டாரு நிக்குது. ரயிலு முந்திக்கிச்சு லா,” என்றார் பெஞ்சுக்காரர். ஆனாலும் குனிந்து நான்கு சுற்று பார்த்தார்.

உங்கள் ஊர்ப் பட்டறையில் ரயிலுக்கு இப்படி வழி விடுவார்களா?