மூக்குக்கு மூன்று கட்டம்

சிவப்புப் பென்சிலின் முனையை நாக்கில் தொட்டால் முதலில் மரத்தின் வாசனையும் பிறகு மெழுகின் ருசியும் வரும். பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில், எதிர்வீட்டுத் தறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, நாலாம் வகுப்புக் கோடை விடுமுறை முழுக்க நான் அந்த ருசியோடுதான் திரிந்தேன். இன்று கல்யாண வரவேற்புகளில் மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வருகிறவர்களை ஐந்தே நிமிடத்தில் கேலிச்சித்திரமாக வரைந்து கொடுப்பது என் பிழைப்பு. எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்பவர்களிடம் நான் படித்த கல்லூரியின் பெயரைச் சொல்லித் தப்பித்துக்கொள்வேன். முழுக்கதையையும் சொல்ல ஐந்து நிமிடம் போதாது.

அப்பாவை நாங்கள் "நைனா" என்போம். பட்டுப்புடவைக்குக் கட்டத்தாளில் டிசைன் போடுவது அவர் தொழில். ஒரு கட்டம் ஓர் இழை. ஜரிகை வரவேண்டிய கட்டத்தைச் சிவப்பால் நிரப்புவார். அந்தத் தாளைப் பார்த்து ஒருவர் அட்டைகளில் துளை போடுவார். துளை சொல்கிறபடி தறி நெய்யும். நைனா முதலில் கறுப்புப் பென்சிலில் போட்டு, நாலு தடவை அழித்து, மனசுக்குப் பிடித்த பிறகுதான் சிவப்பைத் தொடுவார். "செவப்பு அடிச்சா முடிஞ்சிச்சி" என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

அவருக்கு வேலை கொடுத்த பட்டுக்கடை முதலாளியின் மூக்கு, அவருக்கு முன்னால் தெரு திரும்பிவிடும். அந்த முதலாளி தன் ஒரே மகளின் முகூர்த்தப் புடவைக்கு, கரையில் அன்னம் வேண்டும் என்று கேட்டிருந்தார். நைனா அன்னத்தைக் கறுப்புப் பென்சிலில் போட்டு வைத்துவிட்டு, மாகறலில் அத்தை வீட்டு விசேஷத்துக்குப் போனார். போன இடத்தில் காய்ச்சலில் படுத்துவிட்டார். எனக்குக் கை சும்மா இருக்குமா? மிச்சமிருந்த கட்டத்தாளில் அதே அன்னத்தைப் பார்த்துப் போட்டு, அலகுக்குப் பதில் முதலாளியின் மூக்கை வைத்தேன். நிஜ மூக்கைவிட மூன்று கட்டம் கூட்டி வைத்ததும்தான் அது அவர் மூக்கானது. அந்தச் சந்தோஷத்தில் முழுவதையும் சிவப்பால் நிரப்பி, நைனாவின் தாளுக்கு மேலேயே வைத்துவிட்டு விளையாடப் போய்விட்டேன்.

அன்று மாலையே அட்டை அடிப்பவர் வந்து டிசைன் கேட்டிருக்கிறார். கறுப்பில் ஒன்று, சிவப்பில் ஒன்று இருக்க, அம்மா சட்டப்படி சிவப்பை எடுத்துக் கொடுத்துவிட்டாள். கட்டத்தாளைக் கிட்டே வைத்துப் பார்த்தால் அன்னமும் தெரியாது, மூக்கும் தெரியாது. தள்ளி நின்றால்தான் உருவம். துளை போடுகிறவரோ வரிவரியாகக் கட்டத்தை எண்ணுகிறவர், முகம் பார்க்க அவருக்கு ஏது நேரம்? என் தாளைக் காணாமல், குப்பையோடு போயிருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன்.

பத்து நாள் கழித்து நைனா மெலிந்துபோய்த் திரும்பிய அன்றே, எதிர்வீட்டுத் தறிக்காரர் சண்முகம் வந்து நின்றார்.

"அண்ணே, ஒரு சாண் ஏறிடிச்சி. அஞ்சு அன்னம் வந்துக்கினு இருக்குது. அஞ்சும் நம்ம முதலாளி மாரியே கீது."

நைனா போய்த் தறியைப் பார்த்தார், திரும்பி வந்து என் சிவந்த நாக்கைப் பார்த்தார், வேறு சாட்சி அவருக்குத் தேவைப்படவில்லை. அடித்திருந்தால்கூடத் தேவலை, போய்த் தண்ணீர் மொண்டு குடித்தார். முகூர்த்தத்துக்கு நாள் நெருங்கிவிட்டது. நெய்ததைப் பிரித்தால் பட்டு பிசிறிவிடும். முதலாளி கோபித்துக்கொண்டால் எங்களுக்கு வேறு கடையும் கிடையாது. சண்முகம்தான் வழி சொன்னார்.

"உள்முனைதானே, இடுப்புல சொருவுற எடம். இனிமே சரியான அட்டையப் போட்டு நெய்ஞ்சிட்டா யாருக்கும் தெரியாதுண்ணே."

"கட்டுறவளுக்குத் தெரியும்பா" என்றார் நைனா.

மறுநாள் காலை தறியிலேயே வந்து பார்க்கும்படி முதலாளியை அழைத்தார். முதலாளி மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். ஜரிகை பார்க்கும் பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்தவர், நிமிரவே இல்லை. அவருடைய இடதுகை மட்டும் மெல்ல மேலே போய்த் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தது.

"யாரு போட்டது?"

நைனா வாயைத் திறப்பதற்குள் "நான்தான்" என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தேன். முதலாளியின் மகள் கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள். அவள் சிரித்த சிரிப்பில் சண்முகமும் சிரித்துவிட்டார்.

"அப்படியே இருக்கட்டும்பா" என்றாள் தன் அப்பாவிடம். "இடுப்புல சொருவிக்கினு போறேன். மாமியார் வூட்ல நீயும் கூட இருக்கிற மாரி இருக்கும்."

முதலாளி மறுபடியும் கண்ணாடியை வாங்கிக் குனிந்து இழைகளை எண்ணினார். பிறகு என்னைப் பார்த்து, "மூணு கட்டம் கூட்டினது ஜாஸ்தி. ரெண்டு போதும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். மிச்சப் புடவை சரியான அன்னத்தோடு நெய்யப்பட்டது. அடுத்த டிசைனும் நைனாவுக்கே வந்தது.

அந்த ரெண்டு கட்டத்தை நான் விடவே இல்லை. எந்த முகத்திலும் கண்ணில் படுகிற ஒன்றைப் பிடித்து நீட்டுவேன், ஆனால் எதிரே இருப்பவருக்கு வலிக்கும் இடத்துக்கு ஒரு கட்டம் முன்னால் நிறுத்திவிடுவேன். இத்தனை வருடத்தில் ஒருவரும் என் படத்தைக் கிழித்துப் போட்டதில்லை. சிவப்புப் பென்சில் எங்கள் வீட்டை விட்டுப் போய்விட்டது. நைனா இப்போது கம்ப்யூட்டரில் கட்டம் நிரப்புகிறார், அதில் அழிப்பது சுலபம் என்று அவருக்கு ஏக சந்தோஷம். முதலாளி இல்லை. கடை அதே இடத்தில் இருக்கிறது.

போன மாதம் ஒரு வரவேற்பில், நரைத்த தலையோடு ஓர் அம்மா என் எதிரே வந்து உட்கார்ந்தார். வரைய ஆரம்பித்ததுமே கை கண்டுகொண்டது, அதே மூக்கு. வழக்கம்போல அளவோடு நிறுத்திப் படத்தை நீட்டினேன். அவர் அதைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார், பிறகு என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"ரெண்டுதான் போட்டிருக்கே" என்றார். "அப்பாதான் இப்ப இல்லையே, பயப்படாதே. மூணு போடும்மா."

போட்டேன்.