மாமியார் திறந்த பழைய சாடி

மாடியில் வரிசையாக நிற்கும், சோயா விழுது புளித்து ஊறும் சாடிகளைத் துடைப்பது ஓக்ரானின் காலை வேலை. துடைத்ததும் ஒவ்வொன்றிலும் விழுதை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். தென் கொரியாவின் தேகு நகரத்து அந்த வீட்டுக்கு இருபது வருடத்துக்கு முன் மூத்த மருமகளாக வந்ததிலிருந்து அப்படித்தான்.

அன்று பாதிச் சாடிகள்கூட முடியவில்லை. இடது கண்ணோரம் வெளிச்சம் நெளிந்தது. கீழே வந்து, திரையை இழுத்துவிட்டுப் படுத்தாள். பாதித் தலையில் உளி இறங்கியது. வாந்தி வேறு.

மாமியார் மால்சுன் ஊசியும் நூலுமாக வந்துவிட்டார்.

"மறுபடியும் செரிக்கலையா? அள்ளி அள்ளி முழுங்கினியா? உன்னை யாரு தொரத்துறா? கையைக் குடு."

கட்டைவிரலில் நூலை இறுக்கிச் சுற்றி, நகத்தடியில் குத்தினார். செரிக்காவிட்டால் இப்படிக் கெட்ட ரத்தத்தை வெளியேற்றுவது அந்த ஊர்க் கைவைத்தியம்.

"பாரு, எவ்ளோ கறுப்பு!"

அப்படிக் கட்டினால் யார் ரத்தமும் கறுப்பாகத்தான் வரும். ஓக்ரான் விரலைத் துடைத்துக்கொண்டாள்.

போன வாரம்தான் யாருக்கும் சொல்லாமல் நரம்பு டாக்டரைப் பார்த்திருந்தாள். "வயிறு இல்லீங்க, மைக்ரேன்" என்றார் அவர். "நாள்பட ஊறின விழுதுல டைரமின்னு ஒண்ணு சேரும். சிலர் உடம்பு அதைச் சரியா உடைக்காது. அது நரம்பைக் கிளறும், செரோடோனின்னு மூளை ரசாயனம் ஒண்ணு ஏறி இறங்கும். நரம்பு கக்குற ஒரு புரதத்தால மூளைச் சவ்வோட ரத்தக்குழாய் வீங்கும். வாந்தி அதோட வால்தான். உங்களுக்கு அதுதான்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஒரு மாசம் விழுதை விட்டுப் பாருங்க."

வெளியே வந்தவளுக்கு அழுகையும் சிரிப்புமாக இருந்தது. விழுதை விடுவதா, அந்த வீட்டிலா?

மால்சுன் ஆவி பறக்கும் கிண்ணத்தோடு திரும்பி வந்தார். செரிமானத்துக்கு ஊசியை விட்டால் அவருக்குத் தெரிந்த மருந்து விழுதுக் கஷாயம் ஒன்றுதான்.

"ஏழு வருஷத்துச் சாடி. என் மவனுக்குக்கூட இன்னும் தரலை. உனக்காகத் தொறந்தேன். குடி."

வாசனையிலேயே குமட்டியது.

"அத்தே, டாக்டரைப் பாத்தேன். நம்ம விழுதுதான் எனக்கு ஒத்துக்கலையோன்னு சொல்றாரு."

"விழுது ஒத்துக்காத கொரியாக்காரியா? வெளிய சொல்லிடாதே, சிரிப்பாங்க. இருபது வருஷமா இதைத்தானே தின்னே?"

"இருபது வருஷமாத்தான் வலிக்குது, அத்தே."

மால்சுன் கிண்ணத்தைக் கீழே வைத்தார். இடுப்பில் செருகியிருந்த நூலை எடுத்து விரலில் சுற்றினார், அவிழ்த்தார்.

"ஒரு மாசம், எனக்கு மட்டும் தனியா கஞ்சி வெச்சுக்கட்டுமா?"

மால்சுன் கிண்ணத்தை அவள் கைக்கெட்டும் தூரத்தில் நகர்த்தி வைத்தார். "ஆறதுக்குள்ள குடி" என்று எழுந்து, கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.