எஸ்தரிடம் கேட்காமல் விட்ட கேள்வி: செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் கரைக்கு ஒரு நாள்

பதினோரு வருஷத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரருக்கு மூளையில் ரத்தம் கட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அவர் பிழைத்தால், நடந்ததை ஒன்று விடாமல் எழுதிச் சபை முன்னால் சாட்சியாக வாசிக்கிறேன் என்று கர்த்தரிடம் பொருத்தனை பண்ணினேன். அவர் பிழைத்தார். இன்னும் ஆறு வருஷம் இருந்துவிட்டு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தார். என் நோட்டு மட்டும் நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் நின்றுவிட்டது. அஞ்சாங்கிளாஸ் படித்தவள், அதனால் நின்றது என்று நினைக்காதீர்கள். அந்தப் பக்கத்தில் எஸ்தர் வருகிறாள்.

எஸ்தர் எங்கள் ஜெபக்குழுவில் இருந்தவள். மீனவர் குப்பத்துப் பெண், ஞானஸ்நானம் எடுத்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இரண்டாம் நாள், வியாழக்கிழமை, சாயங்காலம் நாலு பத்துக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். பச்சைப் புடவை, கையில் ஒரு பை சாத்துக்குடி. "எஸ்தரு, இவரு பொழைப்பாராடி?" என்று அழுதேன். ஒரு வார்த்தை இல்லை. பையை வைத்தாள், திரும்பிப் போனாள். அதோடு அவளுக்கு ஸ்தோத்திரம் என்று வணக்கம் சொல்வதை நிறுத்திவிட்டேன். ஆராதனை முடிந்து எல்லாருக்கும் சொல்வேன், அவள் பக்கத்தில் வந்தால் குனிந்து செருப்பைத் தேடுவேன். இரண்டு வருஷம் கழித்து அவள் குப்பத்துக்கே திரும்பிப் போய்விட்டாள்.

போன மாதம் எங்கள் போதகரம்மா வீட்டுக்கு வந்து, "அறுப்பின் பண்டிகைக்கு உங்க சாட்சிய வாசிங்கம்மா. எழுத்துப் பிழைக்கு மார்க்கு குறைக்கிறவரா நம்ம ஆண்டவர்?" என்றார்கள். தைரியம் வந்து நோட்டைக் கொடுத்தேன். கடைசிவரை படித்துவிட்டு, "இந்தச் சகோதரி ஏன் பேசலன்னு கேட்டீங்களா?" என்றார்கள். கேட்கவில்லை. கேட்கலாம் என்றே எனக்குத் தோன்றியதில்லை. கேட்காமல் வாசித்தால் அது சாட்சியா, கோள் சொல்வதா? அதற்காகத்தான் இந்தப் பயணம்.

செவ்வாய்க்கிழமை காலை 6.40க்குச் செங்கல்பட்டில், திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ். முப்பது கிலோமீட்டர், டிக்கெட் முப்பது ரூபாய். வலது ஜன்னலில் உட்காருங்கள், காலை வெயில் இடது பக்கம்தான் அடிக்கும். 7.50க்கு மாமல்லபுரம். இரண்டு இட்லி, ஒரு வடை நாற்பது ரூபாய். சட்னி புளித்திருந்தது, சொல்லிவிட்டுத்தான் எழுந்தேன். அங்கிருந்து குப்பம் தெற்கே நாலு கிலோமீட்டர். ஆட்டோக்காரன் நூற்று இருபது கேட்டான், நூறு கொடுத்தேன்.

"இன்னா ஆயா, பீச்சுக்கா, கோயிலுக்கா?"

"சண்டைக்கு."

"அப்போ வெயிட்டிங்குக்குத் தனியா குடு ஆயா. லேடீஸ் சண்டை சீக்கிரத்துல முடியாது."

எஸ்தர் வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் கத்தியைக் கீழே வைக்கவில்லை. "வாக்கா" என்றாள், நேற்றுத்தான் பார்த்த மாதிரி. நான் உட்காரக்கூட இல்லை.

"அன்னிக்கு ஆஸ்பத்திரில இன்னாத்துக்குடி வாயத் தொறக்கல?"

"விரதம்க்கா. மூணு நாளு யாருகிட்டயும் பேசக்கூடாது. உன் வூட்டுக்காரருக்காவத்தான்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவளே சொன்னாள். அவள் அம்மா, குழந்தைகளுக்கு ஜுரம் என்றால் அம்மனுக்கு வேண்டிக்கொண்டு பேசாமல் இருப்பாளாம். "எனக்குத் தெரிஞ்ச பெரிய வேண்டுதலே அதான். அதயே இயேசப்பாவுக்கு இருந்தேன். வெள்ளிக்கெழம காலைல அவரு கண்ணத் தொறந்தாருன்னு கேட்டப்புறந்தான் நான் வாயத் தொறந்தேன். அடுத்த வாரம் பைபிள் ஸ்டடில, விட்டு வந்த பழைய வழக்கத்தத் திரும்பப் புடிக்காதீங்கன்னு போதகர் சொல்லிகினு கீறாரு. எப்படி வெளிய சொல்றது? உங்கிட்டயாவது சொல்லலாம்னா, நீ செருப்பத் தேடிகினு இருந்த."

அப்புறம் கேட்டாள்: "சாத்துக்குடி இனிப்பா இருந்துச்சா?"

"நான் சாப்பிடல. பக்கத்துக் கட்டிலுக்குக் குடுத்துட்டேன்."

"அவங்களாவது நல்லா கீறாங்களா?"

சிரிப்பதா, அழுவதா என்றே தெரியவில்லை. வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு அவர் கண்ணைத் திறந்தது நிஜம். அது என் ஜெபத்துக்குக் கிடைத்த பதில் என்றுதான் எழுத இருந்தேன். இப்போது யார் ஜெபம் என்று எழுதுவது? நம் சபை வழக்கமே இல்லாத ஒரு வேண்டுதலைக் கர்த்தர் கேட்டாரா, அல்லது அதைத் தள்ளிவிட்டு எங்களுடையதைக் கேட்டாரா? எழுதினால் சபையில் எஸ்தரின் பேர் கெடும். எழுதாவிட்டால் நான் ஆண்டவர் முன்னால் பாதியை மறைத்தவள் ஆவேன்.

"எழுதட்டுமா, வேணாமா? நீயே சொல்லு."

ஒரு மீனை முழுதாக ஆய்ந்து முடித்தாள். "எழுதுக்கா. என் பேரயும் போடு. திட்டு வுழுந்தா ரெண்டு பேருமா வாங்கிக்கலாம்."

சங்கரா மீன் குழம்பும் சோறும் போட்டாள். உப்பு கொஞ்சம் தூக்கல், அன்றைக்கு நான் அதைச் சொல்லவில்லை. திரும்பும் பஸ் 2.15க்கு, வீடு வந்து சேர நாலு மணி.

என்னை மாதிரி சாட்சியைப் பாதியில் நிறுத்தி வைத்திருப்பவர்களுக்கு: சனி, ஞாயிறு போகாதீர்கள், கடற்கரைக் கூட்டத்தில் பஸ்ஸில் நிற்கக்கூட இடம் கிடைக்காது. தண்ணீர், தொப்பி, நோட்டு மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். குப்பத்திலிருந்து திரும்ப ஆட்டோ சுலபமாகக் கிடைக்காது, வந்தவனையே காத்திருக்கச் சொல்லுங்கள். யார் மேல் கோபமோ அவரிடம் முதலில் கேட்டுவிடுங்கள், மற்றதைப் பிறகு எழுதலாம்.

நாற்பத்து நாலாம் பக்கத்தை அன்று சாயங்காலமே எழுதிவிட்டேன், எஸ்தரின் பேரோடு. அடுத்த பக்கம்தான் வரமாட்டேன் என்கிறது. அவள் மூன்று நாள் பேசாமல் இருந்தாள், அது என் வீட்டுக்காரருக்காக. நான் பதினோரு வருஷம் அவளோடு பேசாமல் இருந்தேன். ஒன்று விடாமல் எழுதுகிறேன் என்றுதானே பொருத்தனை, அப்படியானால் அதையும்தானே எழுத வேண்டும். அது யாருக்காக என்று எழுதுவது? பண்டிகைக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது.