கிணற்றுப் படத்துக்கு முதல் இடம்

"அந்தப் பாப்பா வீட்டுக்கு வந்துடுச்சா, இல்லையாம்மா?" என்று என் மகள் கேட்டு இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. நான் இன்னும் பதில் சொல்லவில்லை. முதல் நாள், அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி நழுவினேன். மறுநாள், வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டு வா என்றேன். அவளுக்கு ஆறு வயது. கேட்ட கேள்வியை மறக்கிற பிள்ளை இல்லை. நானும் மறக்கிற தாய் இல்லை போலிருக்கிறது. பாத்திரம் கழுவும்போதும் துணி மடிக்கும்போதும் அதே கேள்வி எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

பதில் கிடைக்கும் என்று நினைத்தோ என்னவோ, நேற்று பீரோவைத் திறந்து அந்தத் தோல் துண்டை எடுத்துப் பார்த்தேன். உள்ளங்கை அகலம். கறுப்பு. ஷூவின் உட்புறத்தில் வைத்துத் தைக்கிற மெல்லிய ரகம். அதில் வெள்ளி நிற மையில், ஒன்றிலிருந்து ஆறு வரை எண் போட்டு எழுதியிருக்கும்: கிணறு, பொம்மை, மலை பங்களா, ஹாஸ்டல், கண்ணாடி, லிஃப்ட். ஆறும் சினிமாப் படங்கள். மாத நாவல்களில் பேய்க் கதை எழுதிய ஓர் எழுத்தாளரின் கதைகளிலிருந்து எடுத்தவை. படங்களின் உண்மையான பெயர்கள் வேறு. எங்கள் கம்பெனி பஸ்ஸில் யாரும் அந்தப் பெயர்களைச் சொன்னதில்லை. கிணற்றுப் படம், லிஃப்ட் படம், அவ்வளவுதான்.

கல்யாணமாகி அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கம் வந்த நான், ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் சேர்ந்தேன். தினமும் காலையிலும் மாலையிலும் பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல். நாற்பது பெண்கள், ஒரு டிரைவர் அண்ணன். பி.எஸ்சி. படித்தவள் என்பதால் என் பெயர் முதல் வாரத்திலேயே போய்விட்டது. எல்லாருக்கும் நான் 'டிகிரி'. அந்தப் பெயரை வைத்தவர் செலக்‌ஷன் அக்கா.

அக்காவின் வேலை தோல்களைப் பிரிப்பது. பெரிய மேஜையில் ஒவ்வொரு தோலாக விரித்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். உண்ணி கடித்த தழும்பு, முள் கீறல், ஓட்டை எதுவானாலும் வெள்ளிப் பேனாவால் சுற்றி ஒரு வட்டம் போடுவார். வெட்டுகிறவர் அந்த வட்டத்தை விட்டுவிட்டு வெட்டிக்கொள்வார். பிறகு அக்கா ஃபர்ஸ்ட் செலக்‌ஷன், செகண்ட், தேர்ட், ரிஜெக்ட் என்று அடுக்குவார். அவருக்கு உலகமே அந்த நான்கு அடுக்குதான். கேன்டீன் சாம்பார் தேர்ட். புது மேனேஜர் ரிஜெக்ட். பேய்ப் படங்களையும் அப்படித்தான் பிரித்தார்.

அக்கா அந்த எழுத்தாளரின் நாவல்களை எல்லாம் படித்தவர், படங்களை எல்லாம் பார்த்தவர். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு படம் என்று பஸ்ஸில் சொல்வார். பள்ளிகொண்டாவில் நெடுஞ்சாலை ஏறியதும் ஆரம்பம். சீட்டின் கம்பியைப் பிடித்து, பின்பக்கம் திரும்பி முழங்காலில் நின்றுகொண்டு சொல்வார். "யம்மா, பேய இறக்கி விட்டுட்டு வந்து ஏறுங்க, வண்டி லோடு தாங்கல" என்று டிரைவர் அண்ணன் கத்துவார். "அது உன்னப் பாக்கத்தான் ஏறிக்கீது, நீ ரோட்டப் பாரு" என்பார் அக்கா. கதை முடிந்ததும் கை தூக்கச் சொல்வார். எந்த இடம் தருவது என்று பஸ்ஸே முடிவு செய்யும். லிஃப்ட் படம் கடைசிக்குப் போனதற்குக் காரணம் இருந்தது. "லிஃப்டே இல்லாத ஊர்ல லிஃப்ட் பேயி இன்னா பண்ணும்? படி ஏறி வந்து மூச்சு வாங்குமா?" என்று ஒரு பெண் கேட்டாள். அதோடு அந்தப் படம் ரிஜெக்ட். வரிசை மாறும்போதெல்லாம் அக்கா ஈரத்துணியால் தோல் துண்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக எழுதுவார்.

நான் ஒரு படத்தையும் பார்த்தவள் இல்லை. எனக்குப் பயம். ஆனால் அக்கா சொல்லிக் கேட்டால் பயம் அளவோடு வந்தது. சுற்றிலும் நாற்பது பேர், சன்னலுக்கு வெளியே தென்னந்தோப்பு, மடியில் டிபன் பை.

சேர்ந்த எட்டாவது மாதம் எனக்குக் கரு தங்கி, மூன்றாவது மாதத்தில் போய்விட்டது. ஸ்கேன் எடுத்தபோது துடிப்பு இல்லை என்றார்கள். பஸ்ஸில் யாரிடமும் சொல்லவில்லை. காய்ச்சல் என்று சொல்லி லீவு போட்டுவிட்டு, பிறகு வந்து அதே சீட்டில் உட்கார்ந்தேன். சில நாளில் அக்கா, "டயர் மேல எதுக்குக் குந்தற, முன்னாடி வா" என்று என்னை மூன்றாவது வரிசைக்கு மாற்றினார். தன் பக்கத்தில் ஆள் வேண்டும் என்பதற்காக என்று நினைத்துக்கொண்டேன்.

மறுபடி உண்டானபோது ஐந்தாவது மாத ஸ்கேனுக்கு நாள் கொடுத்திருந்தார்கள். இரண்டு முறை தள்ளிப்போட்டேன். ஒருமுறை வேலை அதிகம் என்றேன், ஒருமுறை நாள் சரியில்லை என்றேன். உண்மை என்னவென்றால், அந்த அறையில் மறுபடி படுத்து, மறுபடி அந்தத் திரையைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. பார்க்காத வரை குழந்தை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம் அல்லவா? மூன்றாவது முறை கொடுத்த நாளுக்கு முந்தின நாள் காலை. லீவுச் சீட்டு எழுதிப் பையில் வைத்திருந்தேன். கொடுப்பதா கிழிப்பதா என்று தெரியவில்லை. அன்றுதான் அக்கா கிணற்றுப் படத்தை ஆரம்பித்தார்.

ஒரு தாயும் சின்னப் பெண் குழந்தையும் புது வீட்டுக்கு வருகிறார்கள். பின்கட்டில் மூடி போட்ட கிணறு. கிணற்றுக்குள்ளிருந்து தாயின் குரலிலேயே ஏதோ ஒன்று குழந்தையைக் கூப்பிடுகிறது. ஒருநாள் மூடி திறந்து கிடக்கிறது. பஸ் மாதனூர் தாண்டியபோது கதையில் குழந்தை கிணற்று மேட்டில் ஏறிவிட்டது. அக்கா நிறுத்தினார். என்னைப் பார்த்தார். பின் சீட்டுப் பெண் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவள் பக்கத்தில் இருந்தவள் தொடையில் கிள்ளியதும் "ஸ்ஸ்" என்று அடங்கினாள். கதை கெட்டுவிடக் கூடாது என்பதற்காகக் கிள்ளினாள் என்று எடுத்துக்கொண்டேன்.

"உள்ளயிருந்து கூப்புடுது," என்றார் அக்கா. "'வாடி தங்கம், வாடி செல்லம்'னு. புள்ள ஒரு கால உள்ள வச்சிடுச்சி. அப்பத்தான் அதுக்கு சந்தேகம் வருது. நம்ம அம்மா என்னிக்கி செல்லம்னு கூப்ட்டுச்சி? 'ஏ சனியனே, சோறு ஆறுது, எங்கடி போய்த் தொலஞ்ச'ன்னுதானே கூப்புடும்? இவ்ளோ கொஞ்சுதே, இது நம்ம அம்மாவே இல்ல! அப்டின்னு திரும்பி ஒரே ஓட்டம். அங்க நிஜ அம்மா கரண்டியோட நிக்கறா. 'எங்கடி போய்ட்ட, எருமை'ன்னு முதுகுல ஒண்ணு வச்சா. அவ்ளோதான், படம் முடிஞ்சிது."

பஸ் குலுங்கச் சிரித்தது. நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வரும்வரை. கை தூக்கச் சொன்னபோது நாற்பது கையும் மேலே போயின. ஸ்டியரிங்கிலிருந்து டிரைவர் அண்ணன் ஒரு கையை எடுக்க, எல்லாரும் கத்தி அதைக் கீழே இறக்கினோம். கிணறு முதல் இடம். அன்று கம்பெனிக்குள் நுழைந்ததும் லீவுச் சீட்டைக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் அந்த அறையில் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். டாக்டரம்மா திரையைப் பார்த்துக்கொண்டே, "ஏம்மா, எப்பக் குடுத்த தேதி, எப்ப வர்ற? படிச்ச பொண்ணுதானே நீ?" என்று திட்டினார். அந்தத் திட்டு காதில் விழுந்ததும் எனக்குள் ஏதோ இறங்கி அமர்ந்தது. நிஜக் குரல் திட்டத்தான் செய்யும். கண்ணைத் திறந்தேன். திரையில் ஒரு புள்ளி துடித்துக்கொண்டிருந்தது.

பிரசவத்துக்கு வேலையை விட்டபோது அக்கா தந்ததுதான் அந்தத் தோல் துண்டு. மகள் வளர்ந்து கதை கேட்கும் வயது வந்ததும் முதலில் கேட்டது கிணற்றுக் கதை. அவளுக்கு அது பேய்க் கதையே இல்லை. நான் கொஞ்சிக் கூப்பிட்டால் கதவிடுக்கிலிருந்து பார்த்து, "நீ நிஜ அம்மாவா? எங்க, திட்டு" என்பாள்.

இரண்டு வாரம் முன்பு, நாவல் வாசிக்கும் பெண்களின் வாட்ஸாப் குழு ஒன்றில், அந்த எழுத்தாளரின் கதைகளிலிருந்து வந்த படங்களை வரிசைப்படுத்தச் சொன்னார்கள். எல்லாரும் எழுதினார்கள். நானும் தோல் துண்டைப் பார்த்து, அதே வரிசையில், காரணங்களோடு எழுதினேன். கிணற்றுப் படத்தின் முடிவைப் பற்றி மட்டும் ஒரு பத்தி. தாயின் திட்டைப் பாசமாகக் காட்டிய ஒரே பேய்ப் படம் என்று போட்டேன். இரண்டு நிமிடத்தில் ஒருவர் கேட்டார்: "நீங்க இந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை, அப்படித்தானே?" அடுத்தடுத்துச் சிரிப்புப் பொம்மைகள். டிகிரி படித்தவள், தரம் பார்க்கிற வேலை செய்தவள், பார்க்காத படத்துக்கு முதல் இடம் கொடுத்திருக்கிறேன். அழித்துவிடலாமா, மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்து, இரண்டையும் செய்யாமல் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

மறுநாள் மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, பகல் பதினோரு மணிக்கு, சன்னல்களை எல்லாம் திறந்து வைத்து அந்தப் படத்தைப் பார்த்தேன். மாதனூர் வரைக்கும் அக்கா சொன்னது சொன்னபடி இருந்தது. அதற்குப் பிறகு, குழந்தை கிணற்றுக்குள் போய்விடுகிறது. திரும்பி வரவில்லை. கடைசிக் காட்சியில் தாய் கிணற்று மேட்டில் உட்கார்ந்து, "வாடி தங்கம்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். நிறுத்திவிட்டேன். பள்ளிக்குப் போன் செய்யலாமா என்று நினைத்தேன், வேண்டாம் என்று நினைத்தேன், பிறகு செய்தேன். வகுப்பில்தான் இருக்கிறாள் என்றார்கள். அந்த வாரத்திலேயே மற்ற ஐந்து படங்களையும் பார்த்தேன். எல்லாம் அக்கா சொன்னபடியே முடிந்தன. மாறியது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். மகள் கோழிக் குஞ்சுகளின் பின்னால் போனாள்.

"கிணத்துப் படத்துல அந்தக் குழந்தை செத்துடுதேக்கா" என்றேன்.

"ஆமா, செத்துடும்" என்றார், கையை நிறுத்தாமல். "இப்பத்தான் பாத்தியா, டிகிரி? படம் வந்து எத்தினி வருசம் ஆவுது!"

"பஸ்ல மத்தவங்களுக்குத் தெரியுமா?"

"அந்த வருசம் பொங்கலுக்கு டிவில போட்டானே. தெரியாத ஆளு நீயும் டிரைவரும்தான்."

"அப்புறம் ஏன் யாருமே ஒண்ணும் சொல்லல?"

அக்கா நிமிர்ந்தார். "நீ மட்டும் சொன்னியா? காய்ச்சல்னு லீவு போட்டுட்டு வந்த. ஒரு வாரம் டிபன் பாக்ஸத் தொறந்து தொறந்து மூடின. எங்களுக்கு இன்னா, கண்ணு இல்லியா? அன்னிக்கிப் பாத்தா அஞ்சாவது மாசம், மூஞ்சி வெளுத்துப் போய்க் குந்தினு கீற. நான் ஒரு பேஜாரு புடிச்சவ, போயும் போயும் அந்தக் கதைய ஆரம்பிச்சிட்டேன். பாதில நிறுத்தினா நீ ஜாஸ்தி பயந்துக்குவ. இன்னா பண்றது? படத்துல செத்தா செத்துட்டுப் போவுது. நம்ம பஸ்ல எதுக்கு சாவணும்?"

நாற்பது பெண்கள். சம்பளம், மாமியார், சீட்டுச் சண்டை எதையும் மறைத்துவைக்கத் தெரியாதவர்கள். ஒரு படத்தின் முடிவை மட்டும், நான் வேலையை விடும் நாள் வரை, ஒருத்திகூட வாய்தவறிச் சொல்லவில்லை.

"குரூப்ல அத ஃபர்ஸ்ட்டுனு எழுதிட்டேன்க்கா" என்றேன்.

"அந்தப் படம் செகண்ட் செலக்‌ஷன்தான் போ" என்றார் அக்கா. "நான் சொன்னேன் பாரு, அது ஃபர்ஸ்ட்டு."

சிரித்துக்கொண்டே திரும்பினேன். கோழிக் குஞ்சு ஒன்றைக் கையில் பொத்திக்கொண்டு மகள் என் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

உண்மையைச் சொல்லித்தானே வளர்க்க வேண்டும் என்று ஒரு மனம் சொல்கிறது. ஆறு வயதுக்கு அந்தக் கிணறு எதற்கு என்று இன்னொரு மனம் சொல்கிறது. அக்காவிடமே கேட்டிருக்கலாம். ஆனால் அவர் எனக்குச் செய்ததை என் மகளுக்கு நான்தானே செய்ய வேண்டும்? நேற்று மாலை அவளைச் சாப்பிட வரச் சொல்லிக் கொஞ்சிக் கூப்பிட்டேன். வரவில்லை. இரண்டு முறை கூப்பிட்டேன். பிறகு, "எருமை, சோறு ஆறுது" என்று கத்தினேன். ஓடி வந்தாள். வந்து, என் முகத்தை ஒரு நொடி கூடுதலாகப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

தோல் துண்டு இதோ மேஜையில் இருக்கிறது. பக்கத்தில் ஈரத்துணியும் இருக்கிறது. முதல் வரியைத் துடைக்கக் கை வரவில்லை. வாட்ஸாப் குழுவிலும் அந்த வரிசை அப்படியேதான் கிடக்கிறது. இதைப் படிக்கிறவர்களில் பிள்ளை வளர்த்தவர்கள் இருப்பீர்கள். அந்தப் பாப்பா வீட்டுக்கு வந்ததா இல்லையா என்று உங்கள் பிள்ளை கேட்டால், நீங்கள் படத்தின் முடிவைச் சொல்வீர்களா, பஸ்ஸின் முடிவைச் சொல்வீர்களா? தயவுசெய்து எழுதுங்கள். அவள் பத்தாவது நாளும் கேட்பாள்.