பஹீமாவின் கவுண்டரில் நாலு வகைப் பேரிங்

முப்பத்தொரு வருடம் ஆங்கிலம் படிப்பித்தவன் நான். பிள்ளைகளின் உச்சரிப்பைத் திருத்துவது முதலில் தொழிலாக இருந்தது. ஓய்வுபெற்ற பிறகு வியாதியாகிவிட்டது. கலியாண வீட்டில் யாராவது ‘ஐக்கிறீம்’ என்றால் எனக்குச் சோறு இறங்காது.

அப்படிப்பட்ட நானே காத்தான்குடியில் ஒரே ஒரு ஆளை மனதாரப் புகழ்ந்திருக்கிறேன். பிரதான வீதியில் உழவு மெசின் சாமான் விற்கும் கடையில், பதினைந்து வருடமாகக் கவுண்டரில் நிற்கும் பஹீமாவைத்தான். பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தில் கோட்டை விட்டவள். ஆனால் கிணற்று மோட்டருக்குப் பேரிங் வாங்கப் போனால், நான் சொல்வது போலவே ‘பெயறிங்’ என்று சுத்தமாகச் சொல்லுவாள். ஊரில் வேறு யாருக்கும் அது வாயில் வராது. வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்வேன். “அப்ப அவவுக்கு ஒரு பட்டத்தக் குடுங்களன்” என்று என் மனைவி கைறுன்னிஸா கேலி செய்வாள்.

போன மாசி மாதம் கடைக்காரன் ஹில்மி என்னைத் தேடி வந்தான். என்னிடம் படித்தவன், கட்டாரில் எட்டு வருடம் இருந்துவிட்டு வந்து வாப்பாவின் கடையைப் பொறுப்பெடுத்திருந்தான். ஒரு பெரிய உழவு மெசின் கம்பனியின் ஏஜென்சி கிடைக்கப் போகிறதாம். கம்பனி ஆட்கள் கடையைப் பார்க்க வருகிறார்களாம்.

“கவுண்டர்ல இங்கிலிஷ் சரியாப் பேசிற ஆள் வேணும் சேர். டிப்ளோமா முடிச்ச ஒரு புள்ள இரிக்கி. பஹீமா ராத்தாவ நிப்பாட்டவும் மனசு வருதில்ல. நீங்க ஒரு நாள் காலத்தால வந்து இருந்து பாத்திட்டு முடிவச் சொல்லுங்க. நீங்க சொன்னா நான் அப்புடியே செய்றன்.”

பஹீமாவின் கணவர் முதுகு பழுதாகிப் படுக்கையில் இருக்கிறார். மூன்று பிள்ளைகளும் அவளுடைய சம்பளத்தில்தான். நான் கவலைப்படவில்லை. நூற்றுக்கு நூறு போடுவதற்குத்தானே போகிறேன்!

மறுநாள் கவுண்டருக்குப் பக்கத்தில் கதிரை போட்டு, கையில் ஒரு தாளோடு உட்கார்ந்தேன். நான் ஏன் வந்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். தேத்தண்ணியை எனக்கு முன்னால் வைத்துவிட்டு, தாளை ஒரு முறை எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

முதலில் வந்தவர் யாழ்ப்பாணத்து லொறிக்காரர். “ரக்ரர் பெயாரிங் இருக்கோ?” என்றார்; டிராக்டர் அவர் வாயில் ரக்ரர். “ரக்ரர் பெயாரிங்கா? இரிக்கி” என்றாள். அடுத்து மகாஓயாவிலிருந்து வந்த சிங்களவர் ஸ்பிரிங்கை ‘இஸ்பிரிங்’ என்று கேட்டார். அவருக்கு ‘இஸ்பிரிங்’ என்றே எடுத்துக் கொடுத்தாள். பிறகு ஒரு பையன் ‘வேரிங்’ என்றான். இவளும் ‘வேரிங்’ என்றாள். எனக்குத் தலை சுற்றியது. என்னிடம் மட்டும் ஒழுங்காகச் சொல்லி இத்தனை வருடம் ஏமாற்றியிருக்கிறாள்! கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தாளில் ஒரு சைபர் போட்டேன். அதை அவள் பார்த்தும்விட்டாள்.

அந்த நேரத்தில்தான் தங்கராசா வந்தார். உன்னிச்சையில் வயல் செய்பவர். கையில் ஒரு ஷொப்பிங் பை. மற்றவர்களையெல்லாம் முன்னால் விட்டுவிட்டுச் சுவரோரமாக ஒதுங்கி நின்றார். கடை வெறித்த பிறகு கிட்ட வந்து, என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

“தங்கச்சி, டெக்டருக்கு ஒரு... பேறிங்கு. நேத்து வேற கடயில கேட்டன். மூணு தரம் சொல்ல வச்சிச் சிரிச்சானுகள். வாங்காமலே போயிற்றன். நெல்லுமூட்டயெல்லாம் வயல் வட்டையில கிடக்கு. மழ வாற மாதிரி இருக்கு.”

பஹீமா என் தாளைப் பார்த்தாள். சரியான சொல் அவளுக்குத் தெரியும். என்னிடம் எத்தனை தரம் சொல்லியிருக்கிறாள். ஒரு தரம் அதைச் சொன்னால் வேலை கையை விட்டுப் போகாது. அவள் தங்கராசாவின் பக்கம் திரும்பினாள்.

“டெக்டர் பேறிங்குதானே அண்ணன்? முன்சில்லுக்கா, பின்சில்லுக்கா?”

மனிதர் நிமிர்ந்தார். கவுண்டரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு மடைதிறந்த மாதிரிப் பேசத் தொடங்கினார். முன்சில்லுத்தான், ஒரு மாதத்துக்கு முன்தான் புதிது போட்டதாம், சேற்று வயலில் இறங்கிய பிறகு கறகறவென்று சத்தமாம். பையிலிருந்து பழைய பேரிங்கை எடுத்து வைத்தார். பஹீமா அதற்குள் விரலை விட்டுப் பார்த்தாள். விரலில் சேறு.

“அண்ணன், ரப்பர் சீல் கிழிஞ்சி தண்ணி உள்ளுக்குப் போகுது. பேறிங்கு மட்டும் போட்டா அடுத்த மாசமும் வருவீங்க. புதுச் சீல் ஒண்டும் போடுங்க.”

சிரித்து அனுப்பிய கடையில் இந்தக் கதையில் ஒரு சொல்லும் அவர் வாயிலிருந்து வந்திருக்காது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். என் வகுப்பின் கடைசி வாங்கில், ஒரு முறை திருத்தியதோடு மறுபடி வாயே திறக்காமல் போன பிள்ளைகளின் முகங்கள் ஞாபகம் வந்தன. எனக்கு வெட்கமாக இருந்தது. தங்கராசா போன பிறகும் ஒரு கேள்வி மட்டும் மனதைக் குடைந்தது.

“புள்ள, எனக்கு மட்டும் ஏன் சரியாச் சொல்ற நீ?”

“நீங்க அப்புடித்தானே சேர் சொல்றிங்க” என்றாள்.

நான் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டேன். உள்ளேயிருந்து ஹில்மி வந்தான். “எப்புடி சேர்? கம்பனிக்காரங்க வந்தா சமாளிப்பாவா?”

“அவனுகள் முதல்ல வாயத் திறக்கட்டும் மகன். மத்தத இவ பாத்துக்குவா.”

கம்பனி ஆட்கள் வந்து போய், ஏஜென்சியும் கிடைத்துவிட்டது. பஹீமா அதே கவுண்டரில்தான் நிற்கிறாள். போன கிழமை மோட்டர் மறுபடி மக்கர் பண்ணியது. கடைக்குப் போய், யாரும் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து, வாழ்க்கையில் முதல் தடவையாக, “புள்ள, ஒரு பேறிங்கு தா” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை.

“பேறிங்கா சேர்?” என்றாள். “ஒண்டு போதுமா?”