குமிழி எண்ணிய கிழமை

வீட்டில் பியர் காய்ச்சப் போகிறேன் என்று நான் சொன்னபோது என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். "கடையில விக்கிறதை வீட்டில வைச்சுக் காய்ச்சப் போறியளோ? நல்ல விசர்!" என்றாள். அவளுக்கு அப்போது ஏழு மாதம், தலைப்பிள்ளை. எழுபதுகளின் நடுவில், ஊரை விட்டுக் குளிர்நாட்டுக்கு வந்து, ரெக்ஸ்டேலில் ஒரு வீட்டின் நிலத்தடி பேஸ்மென்றில் வாடகைக்கு இருந்தோம். மேல்தளத்தில் இருந்த வீட்டுக்காரக் கிழவனும் கிழவியும் குளிருக்குப் பயந்து புளோரிடாவுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் திரும்பப் பங்குனி ஆகும்.

என்னோடு வேலை செய்த ஸ்கொட்லாந்துக்காரன்தான் இந்த ஆசையை மூட்டிவிட்டவன். முளைவிட்ட பார்லியில் காய்ச்சிய மோல்ட் பாணி ஒரு தகரம், அதைப் புளிக்கவைக்கும் ஈஸ்ற் ஒரு பக்கற், ஐந்து கலன் பிடிக்கும் கண்ணாடிப் போத்தில், அதன் வாயில் செருகும் வளைந்த குழாய், எல்லாம் அவன் தந்தவை. குழாயில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். பியர் புளிக்கத் தொடங்கினால் உள்ளிருக்கும் வாயு அந்தத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு குமிழியாக வெளியேறும். ஒரு நாளில் குமிழி வரவேண்டும், வராவிட்டால் ஈஸ்ற் செத்துவிட்டது என்று சொல்லி அனுப்பினான்.

பாணியைக் காய்ச்சிப் போத்திலில் ஊற்றி, ஈஸ்றும் போட்டு இரண்டு நாளாகியும் ஒரு குமிழி இல்லை. வேலையில் மனம் ஓடவில்லை. வீட்டுக்கு வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் போத்திலுக்கு முன்னால் குந்திவிடுவேன். தை மாதக் குளிர். போத்திலைத் தொட்டால் ஐஸ்.

பிறகுதான் எனக்கு மூளை வேலை செய்தது. தோசைக்கு அரைத்த மா அந்த வீட்டில் எங்கே வைத்தாலும் பொங்காது. ஃபேர்னஸ் அறையில் வைத்தால் மட்டும் விடியச் சட்டி வழியப் பொங்கி நிற்கும். வீட்டைச் சூடாக்கும் காஸ் நெருப்பு அந்தச் சின்ன அறையில்தான் எரிந்துகொண்டிருந்தது. மா பொங்குகிற இடத்தில் பியர் பொங்காதா? போத்திலை அணைத்துத் தூக்கிக்கொண்டுபோய் அங்கே வைத்தேன். அங்கேயும் ஒரு தொல்லை. வெளிச்சுவரில் ஒரு வட்டத் துளை இருந்தது, அதன் வழியே குளிர்காற்று நேரே போத்திலில் அடித்தது. சூடான அறையில் எந்த மடையன் ஓட்டை வைத்தான் என்று திட்டிக்கொண்டே, மனைவியின் பழைய நூல்சீலையைச் சுருட்டி அந்தத் துளையில் இறுக்கி அடைத்தேன். கதவையும் சாத்திவிட்டேன்.

அடுத்த நாள் 'பிளுக்' என்றது. அடடா, என்ன சந்தோசம்! மணிக்கூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிமிடத்துக்கு எத்தனை குமிழி என்று எண்ணினேன். பத்து, பதினெட்டு, முப்பது. சாப்பிடக் கூப்பிட்டால் கையைக் காட்டி நிறுத்துவேன், எண்ணிக்கை தவறிவிடுமே!

அந்தக் கிழமைதான் யன்னல்கள் உட்பக்கமாக வியர்க்கத் தொடங்கின. துடைத்துவிட்டுத் திரும்புவதற்குள் கண்ணாடியில் மறுபடி தண்ணீர் வழியும். மனைவிக்குத் தலையிடி. "மேல ஆரோ நடக்கினம்," என்றாள்.

"மேல ஆர் இருக்கினம் நடக்க?"

"ஒரு ஆள்தான். நடக்கிறதும் நிக்கிறதுமாக் கிடக்கு."

வெளியே போய்ப் பார்த்தேன். மேல்வாசல் படிகளில் முழங்கால் அளவு பனி, ஒரு காலடியும் இல்லை. "பியர் காய்ச்சிறது பிடிக்கேல்லையெண்டால் நேரா சொல்லு. உந்தப் பேய்க்கதை எனக்கு வேண்டாம்!" என்று பாய்ந்தேன்.

அடுத்த நாள் நான் வேலையால் வந்தபோது அவள் என் ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு வெளிப்படியில், பனியில் உட்கார்ந்திருந்தாள். "ஃபேர்னஸ் அறைக்குள்ள ஒரு மனிசி நிக்கிறா," என்றாள் மெல்ல. "என்னைப் பாக்கேல்லை. சுவரைப் பாத்துக்கொண்டு நிக்கிறா. வெளியில வந்தால் எனக்குத் தலையிடியும் நிக்குது. நான் உள்ளுக்கு வரேல்லை."

"சனம் பாத்தால் என்ன நினைக்கும்? உள்ளுக்கு வா!" கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் கதவைப் பூட்டினேன். அதற்குப் பிறகும் இரண்டு நாள் அப்படியே செய்தேன்.

சனிக்கிழமை விடியக் குமிழி நின்றுபோயிருந்தது. எனக்கு உயிரே போனமாதிரி. சாப்பாடும் வேண்டாம் என்று அந்த அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு போத்திலுக்கு முன்னால் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது, தலை பாறையாகக் கனத்தது. எனக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள். இழுத்து, நிறுத்தி, மெல்ல விட்டார்கள். திரும்பிப் பார்த்தேன், ஒருவருமில்லை. துளையில் அடைத்திருந்த சீலை உட்பக்கமாகப் புடைத்து அடங்கியது. பிறகு மறுபடி புடைத்தது. ஃபேர்னஸில் எப்போதும் நீலமாக எரிகிற நெருப்பு மஞ்சளாக, நீளமாக ஆடியது. மனைவியைக் கூப்பிட வாயைத் திறந்தேன். நாக்குப் புரளவில்லை. எழும்ப நினைத்தேன், கால் என்னுடையதாக இல்லை. அந்த மூச்சு என் காதுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. பயந்தேன், சத்தியமாகப் பயந்தேன்.

பிறகு முகத்தில் பனி பட்டதுதான் தெரியும். அன்று காலையிலும் வெளியே போய் இருந்தவள், நான் நெடுநேரம் சத்தமில்லாமல் இருக்க உள்ளே வந்து பார்த்திருக்கிறாள். ஏழு மாத வயிற்றோடு, என்னைச் சட்டைக்கொலரில் பிடித்து ஒவ்வொரு படியாக வெளியே இழுத்திருக்கிறாள். அவளுடைய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரன் போன் பண்ணினான். காஸ்காரன் வந்து நெருப்பை நிறுத்தி, துளையிலிருந்த சீலையை உருவி எடுத்தான். அது நெருப்பு மூச்செடுக்கிற துளை என்று விளங்கப்படுத்தினான். அதை அடைத்தால் மணமில்லாத ஒரு விஷவாயு வீட்டில் நிரம்புமாம். முதலில் தலையிடி வருமாம், இல்லாதவை கேட்குமாம், தெரியுமாம். பிறகு நித்திரை வருமாம், அதிலிருந்து எழும்புவதில்லையாம்.

ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இரண்டு பேருக்கும் ஒட்சிசன் வைத்தார்கள். பிள்ளை கடைசியாக எப்போது அசைந்தது என்று டொக்ரர் அவளைக் கேட்டார். "நேற்று," என்றாள். அவர் வயிற்றில் குழாயை வைத்துக் கேட்டார். இடம் மாற்றி மறுபடி கேட்டார். பிள்ளையின் இதயத்துடிப்புத் தூரத்தில் கேட்கிறது, பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் கூரையைப் பார்த்தபடி வாயில் வந்த தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டேன்.

பின்னேரம் ஆனபோது அவள் திடீரென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "உதைக்குது," என்றாள். கண்ணால் நீர் ஓடியது. நான் கட்டிலை விட்டிறங்கித் தள்ளாடிப் போய்க் கையை நீட்டினேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"எத்தினை தரம் சொன்னனான்," என்றாள். "நீங்கள் தொட வேண்டாம்."

பிள்ளை பிறக்கும்வரை அவள் என்னைத் தொட விடவில்லை.